சிரிப்பை விரும்பாத நிலையம் சிரிக்க வைத்த கதை

1930களின் பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை வானொலிப் பெட்டியைத் திருகியவர்களுக்குத் தேவாலய வழிபாடும் கனமான இசையும் சொற்பொழிவும்தான் கிடைத்தன. பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத், ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவரின் மகன். ஓய்வுநாளில் நாடே நடன இசை கேட்டுக்கொண்டிருப்பதில் அவருக்குச் சம்மதமில்லை. ஆறு நாள் உழைத்தவர்களுக்கோ அந்த ஒரு நாள்தான் ஆசுவாசமாக உட்காரக் கிடைத்தது. அதனால் லட்சக்கணக்கானோர் முள்ளைத் தள்ளி ரேடியோ லக்சம்பர்க், ரேடியோ நார்மண்டி என்று கடல் கடந்து போய்விட்டார்கள். பிபிசியில் விளம்பரத்துக்கு இடமில்லை. ஆகவே பிரிட்டிஷ் கம்பெனிகள் ஐரோப்பாக் கரையில் நேரம் வாங்கி, ஆங்கிலத்திலேயே பாட்டும் கூத்தும் அனுப்பின. ஓவல்டின் குடிக்கும் குழந்தைகளுக்கென ஒரு வானொலிச் சங்கமே ஞாயிறு மாலைகளில் நடந்தது.

பிபிசிக்குக் கேளிக்கை என்பது வேண்டாவெறுப்பாகப் பெற்ற பிள்ளை. நம் பழமொழியில் அந்தப் பிள்ளைக்குக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்தார்கள். பிபிசி அதற்கு ‘வெரைட்டி’ இலாகா என்று பெயர் வைத்தது. பிரிட்டிஷ் வானொலியின் பொற்காலம் என்று இன்று கொண்டாடப்படும் 1940, 50களின் நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மக்களை மகிழ்விப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டு தொடங்கியவை குறைவு. போருக்காக, ஆயுதத் தொழிற்சாலைக்காக, உருளைக்கிழங்கு விளைச்சலுக்காக என்று வேறு ஏதோ ஒரு தேவைக்காகத் தொடங்கி, கேட்டவர்களின் கையில் கேளிக்கையாக மாறியவையே அதிகம். எஞ்சியவை தணிக்கை விதிகளின் சந்துகளில் புகுந்து வளர்ந்தன.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் அரசு திரையரங்குகளையும் நாடக அரங்குகளையும் மூடியது. லண்டனைச் சுற்றி மட்டும் சுமார் இருபதாயிரம் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியும் நின்றது. பிபிசி தன் அலைவரிசைகளை இணைத்து ‘ஹோம் சர்வீஸ்’ என்று ஒன்றாக்கியது. முதல் வாரங்களில் அதில் வந்தவை செய்தி, அரசு அறிவிப்பு, இடையிடையே சாண்டி மக்ஃபர்சன் என்பவர் மணிக்கணக்கில் வாசித்துத் தள்ளிய ஆர்கன் இசை. குண்டுக்குக்கூடத் தயாராக இருந்தவர்கள் அந்த ஆர்கனுக்குத் தயாராக இல்லை. புகார்கள் குவிந்தன.

பிரான்சில் நிறுத்தப்பட்டிருந்த படைவீரர்கள்தான் நிலையத்தை அசைத்தார்கள். முகாமில் கூட்டமாக உட்கார்ந்து, பேசிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் கேட்பவனிடம் சொற்பொழிவு எடுபடாது என்பது அப்போதுதான் மேலிடத்துக்கு உறைத்தது. 1940 தொடக்கத்தில் ‘ஃபோர்சஸ் புரோகிராம்’ என்ற தனி அலைவரிசை வந்தது. நடன இசை, நகைச்சுவை, விளையாட்டு என எல்லாம் லேசானவை. வீட்டிலிருந்த பொதுமக்களும் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். போர் முடிந்ததும் 1945 ஜூலையில் அதுவே ‘லைட் புரோகிராம்’ என்ற பெயரில் நிலைத்தது. ரீத் 1938லேயே விலகிப்போயிருந்தார்.

நேயர் என்ன கேட்கிறார் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் பிபிசிக்கு வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். விளம்பரத் துறையிலிருந்து வந்த ராபர்ட் சில்வி 1936ல் நேயர் ஆய்வைத் தொடங்கினார். 1939 இறுதியிலிருந்து நாள்தோறும் தெருவில் ஆட்களை நிறுத்தி, ‘நேற்று என்ன கேட்டீர்கள்’ என்று விசாரித்தார்கள். அதுவரை மக்களுக்கு எது நல்லது என்று மட்டுமே யோசித்துவந்த நிறுவனத்தின் மேசையில், மக்களுக்கு எது பிடிக்கிறது என்ற கணக்கும் காலைதோறும் வந்து விழுந்தது.

அந்தக் கணக்கில் உச்சியில் நின்ற பெயர் ‘இட்மா’. 1939 ஜூலை 12 அன்று தொடங்கிய இந்த நிகழ்ச்சியின் முழுப்பெயருக்கு ‘மறுபடியும் அந்த ஆள்தான்’ என்று பொருள். ஹிட்லர் ஏதாவது அட்டகாசம் செய்யும்போதெல்லாம் ஒரு நாளிதழ் போட்டுவந்த தலைப்பு அது. அந்தப் பெயரை லிவர்பூல்காரரான நகைச்சுவை நடிகர் டாமி ஹேண்ட்லி தனக்குச் சூட்டிக்கொண்டார். எழுதியவர் டெட் கவானா, தயாரித்தவர் பிரான்சிஸ் வோர்ஸ்லி. போர் தொடங்கியதும் ஹேண்ட்லி ‘தொல்லை மற்றும் மர்மங்கள்’ துறையின் அமைச்சரானார். அடுத்தடுத்த தொடர்களில் நுரைதள்ளும் கடலோர ஊர் ஒன்றின் மேயரானார். நாடு முழுவதும் புதிது புதிதாக இலாகாக்கள் முளைத்து, படிவம் நிரப்பச் சொல்லி உயிரை வாங்கிய காலத்தில் இந்த அமைச்சருக்கு எவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நிகழ்ச்சி உண்டான விதம் சுவையானது. குண்டுவீச்சுக்குப் பயந்து வெரைட்டி இலாகாவை முதலில் பிரிஸ்டலுக்கும், அங்கும் குண்டு விழவே 1941ல் வேல்ஸ் கடலோரத்து பாங்கர் என்ற சிற்றூருக்கும் மாற்றியிருந்தார்கள். லண்டன் மேடைகளில் பவனி வந்த நடிகர்கள் அந்தச் சிற்றூர்க் கூடங்களில் மைக்கைச் சுற்றி நின்று, தாளைப் பார்த்து வாசித்தார்கள். கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு கதவு உண்டு. ஒலிக்கலைஞர் அதைத் திறப்பார், ஒரு பாத்திரம் உள்ளே வரும். தனக்குரிய ஒரு வரியைச் சொல்லும், ஹேண்ட்லியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். கதவு சாத்தப்படும். மூச்சு விடுவதற்குள் அடுத்த ஆள். துப்புரவு வேலைக்கு வரும் திருமதி மோப், வாளி உருளும் சத்தத்தோடு நுழைந்து, ‘ஐயா, இப்போது உங்களைக் கவனிக்கட்டுமா’ என்பார். கர்னல் சின்ஸ்ட்ராப் காதில் எந்தச் சொல் விழுந்தாலும் அது மது அழைப்பாகவே கேட்கும். உடனே ‘தந்தால் மறுப்பேனா’ என்பார். ஃபுன்ஃப் என்றொரு ஜெர்மன் உளவாளி தொலைபேசியில் மிரட்டுவான். பாதாளத்திலிருந்து வருவதுபோன்ற அந்தக் குரலுக்காக நடிகர் ஜாக் டிரெய்ன் செய்ததெல்லாம் ஒரு கண்ணாடி டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு பேசியதுதான். ஜெர்மன் உளவாளிகளைப் பற்றிய நிஜமான பீதி நாட்டில் நிலவிய நாட்கள் அவை. பீதியைக் கொல்ல அரசு ஒட்டிய சுவரொட்டிகளைவிட அந்த டம்ளர் அதிகம் சாதித்தது என்பது என் கட்சி.

இன்று அந்த ஒலிப்பதிவுகளைக் கேட்டால் பாதி புரியாது. அந்த வாரத்து ரேஷன் உத்தரவு, அந்த வாரத்து அமைச்சர், அந்த வாரத்துத் தட்டுப்பாடு என்று நகைச்சுவை முழுவதும் நாளிதழோடு ஒட்டிப் பிறந்தது. நாளிதழ் பழசானதும் அதுவும் பழசாகிவிட்டது. எஞ்சியவை அந்த ஒற்றை வரிகள். விமானப்படை விமானிகள் தாக்குதலுக்கு வரிசைகட்டும்போது ‘முதலில் நீங்கள் போங்கள், கிளாட்’ ‘இல்லையில்லை, நீங்கள் முதலில், செசில்’ என்று இட்மாவின் வசனத்தையே ரேடியோவில் சொல்லிக்கொண்டார்கள். 1942ல் இளவரசி எலிசபெத்தின் 16ஆம் பிறந்தநாளை ஒட்டி விண்ட்சர் கோட்டைக்கே போய் இந்தக் குழு நிகழ்ச்சி நடத்தியது. 1949 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை ஹேண்ட்லி திடீரென்று இறந்தார். பிபிசியின் தலைமை இயக்குநரே வானொலியில் செய்தியை அறிவித்தார். செயின்ட் பால் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. ஒரு கோமாளிக்கு அந்தப் பேராலயம் திறந்தது சிறிய விஷயமல்ல. இட்மாவை வேறொருவரைக் கொண்டு தொடரும் யோசனைக்கே இடமில்லாமல், அதோடு முடிந்தது.

தொழிற்சாலைக்கு வருவோம். 1940 ஜூனிலிருந்து நாளுக்கு இருமுறை, அரை அரை மணி நேரம் ‘மியூசிக் வைல் யூ வொர்க்’ ஒலித்தது. இசை வேலையின் வேகத்துக்குத் துணைநிற்க வேண்டும். வேலையிலிருந்து கவனத்தைப் பிடுங்கிவிடக் கூடாது. அதற்கென விதிகள் இருந்தன. நடுவே நான்கு முறை கைதட்டும் இடம் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டுக்குத் தடை விழுந்தது. தொழிலாளிகள் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவார்கள், அல்லது கருவியாலேயே எந்திரத்தில் தட்டுவார்கள் என்ற பயம். 1941ல் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவினின் ஆதரவோடு ‘வொர்க்கர்ஸ் பிளேடைம்’ வந்தது. மதிய உணவு நேரத்தில் ஏதோ ஓர் ஆலையின் கேன்டீனில் மேடை போட்டு, பாடகர்களும் நகைச்சுவையாளர்களும் நிகழ்ச்சி நடத்துவார்கள். எந்த ஆலை என்று அறிவிப்பாளர் சொல்லமாட்டார், ‘பிரிட்டனில் எங்கோ ஓரிடத்திலிருந்து’ என்பார். எதிரி விமானத்துக்கு முகவரி கொடுக்க முடியாதல்லவா. சில வாரங்களுக்கென்று தொடங்கிய அது 1964 வரை ஓடியது.

குரல் யாருடையது என்பதும் போரில்தான் கேள்வியானது. அதுவரை பிபிசி அறிவிப்பாளர் என்றால் தெற்கத்திய மேட்டுக்குடி உச்சரிப்பு. 1941ல் யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் செய்தி வாசிக்க அமர்த்தப்பட்டார். ஜெர்மானியர்களால் எளிதில் போலி செய்ய முடியாத உச்சரிப்பு என்பது அரசு சொன்ன காரணம். நள்ளிரவுச் செய்தி முடிவில் வடக்கத்தி மக்களுக்கு அவர்கள் பேச்சிலேயே இரவு வணக்கம் சொன்னார். கண்டனக் கடிதங்கள் வந்தன. வடக்கிலிருந்தும் வந்தன என்பதுதான் வேடிக்கை. தங்கள் பேச்சு செய்திக்கு ஏற்றதல்ல என்று அவர்களே நம்பவைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் 1946ல் இதே பிக்கிள்ஸ் ‘ஹேவ் எ கோ’ என்ற வினாவிடை நிகழ்ச்சியோடு ஊர் ஊராகப் போனபோது நாடே கேட்டது. கேள்விகள் சுலபம், பரிசு சொற்பம். சாதாரண மனிதர்கள் தங்கள் ஊர்ப்பேச்சில், எழுதிக்கொடுக்காத வார்த்தைகளில், தங்கள் கதையைச் சொன்னார்கள் என்பதே அதன் ஈர்ப்பு.

போருக்குப் பிந்தைய ஆண்டுகள் வறண்டவை. வென்ற நாடு ரொட்டிக்கு ரேஷன் போட்டது. ரேஷன் முற்றாக நீங்க 1954 ஆனது. வானொலி உரிமக் கட்டணம் 1946ல் பத்து ஷில்லிங்கிலிருந்து ஒரு பவுண்டானது. ஆனாலும் ஒரு குடும்பம் முழுவதும் ஆண்டெல்லாம் அனுபவிக்க அதைவிட மலிவான கேளிக்கை எதுவுமில்லை. மாலை 6.45க்கு ‘டிக் பார்ட்டன்’ என்ற துப்பறியும் வீரன் வருவான். 1946 அக்டோபரில் தொடங்கிய இந்தக் கால்மணி நேரத் தொடரை உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவன் சாவின் விளிம்பில் இருக்கும்போது குதிரைப் பாய்ச்சலில் இசை எழும். மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பாதிரியார்களும் ஆசிரியர்களும் குரல் எழுப்பவே, பிபிசி கதாசிரியர்களுக்கு விதிப்பட்டியல் கொடுத்தது. பார்ட்டன் குடிக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, காதல் விவகாரம் கூடாது. வில்லன்களை அடிக்கலாம், அதுவும் வேறு வழியில்லாதபோது.

இந்தப் பார்ட்டனின் வயிற்றில்தான் ‘ஆர்ச்சர்ஸ்’ என்ற தொடர்நாடகம் பிறந்தது. 1948ல் பர்மிங்காமில் விவசாயிகளோடு பிபிசி ஒரு கூட்டம் நடத்தியது. சிறு விவசாயிகளிடம் நவீன முறைகளைக் கொண்டுசெல்வது எப்படி என்பது பேச்சு. லிங்கன்ஷயர் விவசாயி ஒருவர் எழுந்து, நமக்கு வேண்டியது ஒரு விவசாய டிக் பார்ட்டன் என்றார். கூட்டம் சிரித்தது. தயாரிப்பாளர் காட்ஃப்ரி பேஸ்லி சிரித்ததோடு விடவில்லை. பார்ட்டன் எழுதிய மேசன், வெப் இருவரையே பிடித்து ஆம்பிரிட்ஜ் என்ற கற்பனைக் கிராமத்தை உருவாக்கினார். விவசாய அமைச்சகம் ஆலோசனை சொன்னது. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் ஒலித்தது. சில மாதங்களில் பார்ட்டனின் நேரத்தையே எடுத்துக்கொண்டது. மாட்டு நோயும் உரமும் குடும்பச் சண்டைகளுக்கிடையே செருகப்பட்டன. வயலே பார்த்திராத நகரத்துப் பெண்கள் கறவை மாட்டின் மடிநோயைப் பற்றி விவாதித்தார்கள். கதைதான் மருந்தை விழுங்க வைத்தது.

1955 செப்டம்பர் 22 இரவு நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றுதான் லண்டனில் ஐடிவி தொடங்கியது; பிரிட்டனில் விளம்பரத்தில் வாழும் முதல் தொலைக்காட்சி. அன்று மாலை ஆர்ச்சர்ஸில், புதிதாக மணமான கிரேஸ், எரியும் லாயத்துக்குள் குதிரையைக் காப்பாற்ற ஓடி, காயமுற்று, கணவன் கைகளில் இறந்தாள். கேட்டவர்கள் சுமார் இரண்டு கோடிப் பேர் என்று கணக்கு. பிபிசியின் தொலைபேசி இணைப்பகம் திணறியது. இல்லாத பெண்ணுக்காக மலர்கள் வந்தன. மறுநாள் நாளிதழ்களில் ஐடிவியை விடக் கிரேஸே பெரிதாகப் பேசப்பட்டாள். போட்டியாளரின் தொடக்க விழா இரவில் இப்படி ஒரு சாவு தற்செயல் என்று யாரும் நம்பவில்லை. நம்ப வேண்டியதும் இல்லை. கிரேஸாக நடித்த இசான் சர்ச்மன் பின்னாளில் இன்னொரு காரணமும் சொன்னார். ஆண் நடிகர்களுக்கு நிகரான சம்பளம் கேட்டு அவர் தொழிற்சங்கத்தை அணுகியிருந்தாராம்.

விதிகளைப் பற்றிச் சொன்னேன். அவற்றின் முழு வடிவம் 1940களின் இறுதியில் வெரைட்டி இலாகா தன் எழுத்தாளர்களுக்காக அச்சிட்ட பச்சைப் புத்தகம். கழிப்பறை, ஆண்களிடம் பெண்மைச் சாயல், தேனிலவுத் தம்பதிகள், விடுதிப் பணிப்பெண்கள், முயல்களின் பழக்கவழக்கம், பெண்களின் உள்ளாடை பற்றிய ஜோக்குகள் அனைத்துக்கும் தடை. மதம், அரசியல், உடற்குறை எல்லாம் எச்சரிக்கைப் பட்டியலில். சர்ச்சில் குரலில் மிமிக்ரி செய்வதும் கூடாது. பட்டியலைப் படிக்கும்போது, இதைத் தொகுத்த அதிகாரி எத்தனை ஆபாச ஜோக்குகளை மனப்பாடமாக வைத்திருந்திருக்க வேண்டும் என்று தோன்றாமல் இராது.

மதில் எழுப்பினால் ஏணி விற்பனையாகும். ‘கூன் ஷோ’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி 1951 மே மாதம் வேறொரு பெயரில் தொடங்கி 1960 ஜனவரி வரை ஓடியது. பீட்டர் செல்லர்ஸ், ஹாரி சீகூம், ஸ்பைக் மில்லிகன் மூவரும் படையில் இருந்தவர்கள். முக்கிய எழுத்தாளரான மில்லிகன் 1918ல் நம் மகாராஷ்டிரத்து அகமத்நகரில், ராணுவக் குடும்பத்தில் பிறந்து, புனேயிலும் ரங்கூனிலும் வளர்ந்தவர். அவர் படைத்த மேஜர் பிளட்னாக் இந்தியாவில் காலம் கழித்த, காசாசை பிடித்த, கோழையான அதிகாரி. வயிறு எந்நேரமும் கலங்கிக் குமுறும். சாம்ராஜ்யத்தின் கம்பீரத்தை அந்த ஒரு வயிற்றுச் சத்தத்தால் மில்லிகன் கவிழ்த்தார். 1958ல் தொடங்கப்பட்ட பிபிசி ரேடியோஃபோனிக் பட்டறை அந்தச் சத்தத்தை மின்னணு முறையில் உருவாக்கித் தந்தது. படைமுகாம் கொச்சையைப் பாத்திரப் பெயர்களுக்குள் மறைத்து வைத்தார்கள். தணிக்கை அதிகாரிக்குப் புரியாது, முன்னாள் சிப்பாய்களுக்குப் புரியும். ஒரு கதையில் நெப்போலியனின் பியானோவிலேயே ஏறி ஆங்கிலக் கால்வாயைக் கடப்பார்கள். காட்சியாக எடுத்தால் கஜானா காலியாகும். வானொலிக்குக் கொஞ்சம் அலைச் சத்தமும் கொஞ்சம் பியானோவும் போதும்.

கண்ணுக்குத் தெரியாததை நம்பும் இந்தப் பழக்கத்தின் உச்சம் ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’. மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசும் வித்தையை வானொலியில் செய்து காட்டினார் பீட்டர் புரோ. லட்சக்கணக்கானோர் ரசித்தார்கள். பின்னர் தொலைக்காட்சிக்குப் போனபோதுதான் அவர் உதடு நன்றாகவே அசைவது தெரிந்தது.

டோனி ஹான்காக் அந்தப் பொம்மைக்கு வாத்தியாராக வந்து புகழ் பெற்றவர். 1954 நவம்பரில் தொடங்கிய ‘ஹான்காக்ஸ் ஹாஃப் அவர்’ நிகழ்ச்சியை எழுதிய கால்டன், சிம்ப்சன் இருவரும் காசநோய் மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தபோது நண்பர்களானவர்கள். நீண்ட நாள் சும்மா கிடந்தவர்களுக்குச் சலிப்பின் நுணுக்கம் தெரியும். 1958ல் வந்த ஞாயிறு மதியம் பற்றிய அவர்களின் அத்தியாயம் இந்தக் காலத்தின் ஆகச் சிறந்த அரை மணி நேரம் என்பேன். வெளியே மழை. ஹான்காக் பெருமூச்சு விடுகிறார். இடைவெளி. மறுபடி பெருமூச்சு. மணி என்ன என்று கேட்கிறார். இரண்டு. அவ்வளவுதானா என்கிறார். சுவர்க் காகிதத்தின் பூவேலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் குழாய் புகைக்கும் கிழவர் தெரிவதாகச் சொல்கிறார். வேறொன்றும் நடப்பதில்லை. இட்மாவில் ஒரு நொடி மௌனம் என்றால் விபத்து. இங்கே மௌனத்தை நீட்ட நீட்டச் சிரிப்பு வருகிறது. ரீத் காலத்து ஞாயிறுகளில் சலித்தவர்களின் பிள்ளைகள் அந்தச் சலிப்பையே நிகழ்ச்சியாக்கினார்கள்.

தமிழர்களுக்கு இந்தக் கதையோடு மெல்லிய தொடர்பு ஒன்று உண்டு. போரின்போது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பில் ‘ரேடியோ சியாக்’ நடந்தது. அந்த நிலையத்தின் சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு வசதிதான் 1949ல் நம் வீடுகளில் ஒலித்த ரேடியோ சிலோனின் கைக்குப் போனது. சியாக்கில் அறிவிப்பாளராக இருந்த டேவிட் ஜேக்கப்ஸ் பின்னர் பிபிசியில் புகழ்பெற்றார். 1953ல் தொடங்கிய ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ என்ற விண்வெளித் தொடரில் ஒரே ஆளாகப் பல பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார்.

1950ல் பிரிட்டனில் தொலைக்காட்சி உரிமங்கள் மூன்றரை லட்சத்தை எட்டவில்லை. 1960ல் ஒரு கோடியைத் தாண்டின. 1953ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவே திருப்பம்; வானொலியில் கேட்டவர்களைவிடத் திரையில் பார்த்தவர்கள் அதிகம். எழுத்தாளர்களும் நடிகர்களும் திரைக்குப் போனார்கள். மாலைக் கூட்டம் கலைந்தபின் வானொலிக்குக் கொஞ்சம் சுதந்திரம் கிடைத்தது. 1965ல் ‘ரவுண்ட் தி ஹார்ன்’ வந்தது. அதில் ஜூலியன், சாண்டி என்ற இரண்டு ஆண்கள் தன்பால் விரும்பிகளின் ரகசியக் கொச்சையில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு வேளையில் குழைந்து பேசினார்கள். ஆண்கள் தமக்குள் உறவுகொள்வது அன்று அந்நாட்டில் குற்றம். சட்டம் தளர்ந்தது 1967ல்தான். பச்சைப் புத்தகம் தடைசெய்த ஒன்றை, முழுக் குடும்பமும் உட்கார்ந்து, முழுதும் புரியாமலே, ரசித்தது.

ஆர்ச்சர்ஸோ இன்றும் ஒலிக்கிறது. விவசாயிகளுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு 1970களின் தொடக்கத்திலேயே கைவிடப்பட்டுவிட்டது. அதற்குள் நேயர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பாடம் இருந்ததே மறந்துபோயிருந்தது.